நடுவில் சிக்னல் போனாலும் செய்தி முழுசா வருமா? ஹாம் ரேடியோ கையாளும் 4 உத்திகள்

லிஃப்ட்டுக்குள் இருக்கும்போது அனுப்பும் வாட்ஸ்அப் மெசேஜ், கடிகாரக் குறியோடு அப்படியே நிற்கும். வெளியே வந்ததும் டிக் விழும். நடுவில் என்ன நடந்தது என்று நாம் யாரும் யோசிப்பதில்லை. டவர், ஃபைபர் கேபிள், சர்வர் எல்லாம் சேர்ந்து அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன.

இது எதுவுமே இல்லாத இடத்தில்? ஒரு பக்கம் ஒரு சின்ன ரேடியோவும் லேப்டாப்பும். இன்னொரு பக்கம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அதே மாதிரி ஒரு செட். நடுவில் வானம் மட்டும்தான். ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலியில் டெக்ஸ்ட் அனுப்புபவர்களின் நிலைமை இதுதான். அந்த வானமோ சில விநாடிகளுக்கு ஒருமுறை சிக்னலை விழுங்கிவிடும்.

அப்படி விழுங்கினாலும் செய்தி சிதையாமல் போய்ச் சேருவதற்கு ஹாம்கள் பல பத்தாண்டுகளாக வழி கண்டுபிடித்து வருகிறார்கள். அந்த வழிகள் எப்படி வேலை செய்கின்றன?

முதலில், சிக்னல் ஏன் காணாமல் போகிறது?

வீட்டில் பெரியவர்கள் இரவு நேரத்தில் சிற்றலை ரேடியோ கேட்ட கதையைச் சொல்லியிருப்பார்கள். பாட்டு நல்லா கேட்டுக்கொண்டிருக்கும். திடீரென்று தேய்ந்து மறையும். கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும். இதற்குப் பெயர் ஃபேடிங்.

சிற்றலை சிக்னல், பூமிக்கு மேலே சுமார் 100 முதல் 400 கிலோமீட்டர் வரை உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. ஆனால் அது ஒரே பாதையில் வருவதில்லை. ஒரு பகுதி ஒருமுறை பட்டுத் திரும்பும். இன்னொரு பகுதி இரண்டு முறை மேலும் கீழும் குதித்து, கொஞ்சம் தாமதமாக வரும். இரண்டும் ஒத்திசைந்து வந்தால் சிக்னல் வலுக்கும். ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கினால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அயனி மண்டலம் ஓயாமல் அசைந்துகொண்டே இருப்பதால், இந்த வலுப்பதும் அழிவதும் மாறி மாறி நடக்கும்.

பவரை ஏத்தினா போதாதா?

போதாது. ஆழமான ஃபேடிங்கில் சிக்னல் 20 டெசிபல் வரை, சில நேரம் அதற்கு மேலும் விழலாம். 20 டெசிபல் என்றால் நூறில் ஒரு பங்கு. 10 வாட்டில் ஓடும் ஒரு நிலையம் இதை ஈடுகட்ட 1,000 வாட் வேண்டும். புயலுக்குப் பிறகு, கார் பேட்டரியில் ஓடும் ஒரு செட்டுக்கு இது நடக்கிற காரியமில்லை. அப்படியே ஏற்றினாலும், இரண்டு பாதைகளும் முழுசாக அழித்துக்கொள்ளும் நொடியில் எவ்வளவு பவர் கொடுத்தாலும் பெரிதாகப் பயனில்லை.

அதனால் கேள்வியையே மாற்ற வேண்டியிருந்தது. சிக்னல் போகாமல் தடுப்பது எப்படி என்பதை விட்டுவிட்டு, போனாலும் செய்தி பிழைப்பது எப்படி என்று யோசித்தார்கள்.

எழுத்து விட்டுப்போனா தெரியும், எண் மாறினா?

பழைய ரேடியோ டெலிடைப் முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் 5 பிட்தான். 5 பிட்டில் 32 சேர்க்கைகள்தான் கிடைக்கும். எழுத்துகளுக்கும் எண்களுக்கும் சேர்த்து இது பத்தாது. அதனால் ஒரே குறியீடு இரண்டு வேலை பார்க்கும்: ‘இனி எழுத்து’ அல்லது ‘இனி எண்’ என்று ஒரு மாற்றுக் குறியீடு முன்னால் போகும்.

சிக்னல் தடுமாறி அந்த மாற்றுக் குறியீடு தவறாக விழுந்தால் கதையே மாறிவிடும். ஆங்கிலத்தில் டி, டபிள்யூ, ஓ என்று ‘இரண்டு’ அடித்திருப்பீர்கள். எதிர்முனையில் 529 என்று அச்சாகும். நிவாரண முகாமுக்கு இரண்டு ஸ்ட்ரெச்சர் கேட்ட செய்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்பவருக்குத் தவறு நடந்ததே தெரியாது.

1998 இறுதியில் பிரிட்டன் ஹாம் பீட்டர் மார்டினெஸ் வெளியிட்ட பிஎஸ்கே31 முறை, விநாடிக்கு 31.25 பிட் வேகத்தில் மிகக் குறுகிய அலைவரிசையில் டெக்ஸ்ட் அனுப்பியது. ஹாம்களிடம் வேகமாகப் பரவிய முறை இது. ஆனால் இதன் அடிப்படை வடிவத்தில் பிழை திருத்தம் கிடையாது. அரை விநாடி சிக்னல் போனால் சுமார் 16 பிட் போகும். அதாவது இரண்டு மூன்று எழுத்துகள் காலி.

அரட்டைக்கு இது பரவாயில்லை. மருந்தின் அளவு, ஆட்களின் எண்ணிக்கை, தொலைபேசி எண் என்று வந்தால் இது ஆபத்து.

உத்தி 1: புரியலையா, திரும்பக் கேளு

இதே மார்டினெஸ், 1970-களின் இறுதியில் கப்பல் தொடர்புக்குப் பயன்பட்ட ஒரு முறையை ஹாம்களுக்கு ஏற்ப மாற்றினார். பெயர் ஆம்டார். இதில் ஒவ்வோர் எழுத்துக்கும் 7 பிட். அந்த ஏழும் இரண்டு வகை டோன்களாகப் போகும். எல்லா எழுத்துக்கும் ஒரு வகை நான்கு, மற்றொரு வகை மூன்று என்பது விதி. இப்படி 35 சேர்க்கைகள் கிடைக்கும். வந்து சேர்ந்ததில் 4-3 கணக்கு உதைத்தால், அந்த எழுத்து கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். ஆதார் எண்ணின் கடைசி இலக்கம், மற்ற 11 இலக்கங்களும் சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்கிறதே, அதே மாதிரியான யோசனைதான்.

ஆம்டார் மூன்று எழுத்துகளை அனுப்பிவிட்டு நிற்கும். எதிர்முனை ‘சரி’ என்றால் அடுத்த மூன்று. இல்லையென்றால் பழைய மூன்றே திரும்பவும். ஒரு சுற்றுக்கு 450 மில்லி விநாடி. சிக்னல் பத்து விநாடி போனாலும் கவலையில்லை. வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும்.

1990-களின் தொடக்கத்தில் ஜெர்மன் ஹாம்கள் உருவாக்கிய பாக்டார் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. கெட்டுப்போய் வந்த பாக்கெட்டை அது தூக்கி எறியாது; நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறையும் பாதி கெட்டு வந்தால், இரண்டையும் கூட்டிப் பார்த்துச் சரியான செய்தியை எடுத்துவிடும்.

இதில் சிக்கல் என்ன? இருவருமே மாறி மாறிப் பேச வேண்டும். ஒரே நேரத்தில் ஐம்பது பேருக்கு அறிவிப்பு அனுப்ப இது உதவாது. போகும் பாதை நன்றாக இருந்து, ‘சரி’ திரும்பி வரும் பக்கம் இரைச்சல் அதிகமாக இருந்தால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

உத்தி 2: கேட்கும் முன்பே கூடுதலா கொடு

டீக்கடையில் ஒட்டியிருக்கும் யுபிஐ க்யூஆர் ஸ்டிக்கரைக் கவனித்திருப்பீர்கள். கிழிந்திருக்கும், எண்ணெய் பட்டிருக்கும், நடுவில் லோகோ மறைத்திருக்கும். ஆனாலும் ஸ்கேன் ஆகும். காரணம், அதில் உண்மையான தகவலோடு கூடுதல் தகவலும் சேர்க்கப்பட்டிருக்கிறது. க்யூஆர் குறியீட்டின் மிக உயர்ந்த பாதுகாப்பு நிலையில் சுமார் 30 சதவீதம் சேதமானாலும் மீட்கலாம்.

ரேடியோவிலும் இதேதான். செய்தியோடு கணக்குப் போட்டுச் சேர்த்த கூடுதல் பிட்கள் போகும். சில பிட்கள் சிதைந்தாலும், மிச்சத்தை வைத்து எதிர்முனைக் கணினி அசல் செய்தியைக் கண்டுபிடிக்கும். திரும்பக் கேட்கத் தேவையில்லை. எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

ஆம்டாரிலேயே இதன் எளிய வடிவம் இருந்தது. ஒவ்வோர் எழுத்தும் இரண்டு முறை போகும், நடுவில் 280 மில்லி விநாடி இடைவெளியோடு. கப்பல்களுக்கு வானிலை எச்சரிக்கை அனுப்பும் நாவ்டெக்ஸ் சேவை, 518 கிலோஹெர்ட்ஸில் பயன்படுத்துவதும் இதே முறைதான். ஆனால் சிக்னல் அரை விநாடி போனால்? முதல் பிரதியும் போகும், இரண்டாவது பிரதியும் போகும்.

கூடுதலாக அனுப்பினால் மட்டும் போதாது என்பது இதிலிருந்து தெரிகிறது. அதை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம்.

உத்தி 3: வரிசையைக் கலைச்சுப் போடு

ஒரு சின்ன சோதனை. மதுரை, கரூர், பழனி, சேலம் என்ற நான்கு ஊர்ப் பெயர்களை அனுப்ப வேண்டும். மொத்தம் 12 எழுத்துகள்.

நேராக அனுப்பினால்: ம-து-ரை-க-ரூ-ர்-ப-ழ-னி-சே-ல-ம்.

நடுவில் ஐந்தாவதிலிருந்து எட்டாவது வரை நான்கு எழுத்துகள் போய்விட்டன என்று வையுங்கள். ரூ, ர், ப, ழ காலி. மதுரையும் சேலமும் தப்பித்தன. மற்ற இரண்டில் ‘க’ என்றும் ‘னி’ என்றும்தான் மிச்சம். என்ன ஊர் என்று சொல்லவே முடியாது.

இப்போது நான்கு பெயர்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, மேலிருந்து கீழாகப் படித்து அனுப்புங்கள்: ம-க-ப-சே-து-ரூ-ழ-ல-ரை-ர்-னி-ம்.

அதே ஐந்து முதல் எட்டு வரை போகட்டும். து, ரூ, ழ, ல காலி. எதிர்முனையில் திரும்ப அடுக்கினால்:

ம_ரை
க_ர்
ப_னி
சே_ம்

நான்கையுமே கண்டுபிடித்துவிடலாம். போன எழுத்துகளின் எண்ணிக்கை அதே நான்குதான். ஆனால் இழப்பு ஒரே இடத்தில் குவியாமல் நான்கு பெயர்களுக்கும் பங்கு பிரிந்துவிட்டது. இதற்கு ‘இன்டர்லீவிங்’ என்று பெயர். இங்கே கோடிட்ட இடத்தை நிரப்பியது உங்கள் மூளை. ரேடியோவில் அந்த வேலையைக் கூடுதல் பிட்கள் செய்யும்.

2000-ம் ஆண்டு வாக்கில் வந்த எம்எஃப்எஸ்கே16 முறை, 16 டோன்களோடு பிழை திருத்தத்தையும் இன்டர்லீவிங்கையும் சேர்த்துக் கொடுத்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், போலந்து ஹாம் பாவெல் யலோஹா ‘ஒலிவியா’வை உருவாக்கினார். இதில் ஒரு 7 பிட் எழுத்து, 64 பிட்டாக நீட்டப்படும். 32 டோன், 1,000 ஹெர்ட்ஸ் அமைப்பில் ஐந்து எழுத்துகள் ஒன்றாகப் பின்னப்பட்டு, சுமார் 2 விநாடி நீளத்துக்கு இழுக்கப்படும். ஒவ்வோர் எழுத்தும் அந்த 2 விநாடி முழுக்கவும், பல டோன்களிலும் பரவியிருக்கும். நடுவில் அரை விநாடி போனாலும் எந்த எழுத்தும் முழுசாகப் போகாது. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம்தான் போகும்.

உத்தி 4: தெரியலைன்னா ‘தெரியல’ன்னு சொல்லு

பலரும் கவனிக்காத உத்தி இதுதான். சிக்னல் இல்லாத நேரத்திலும் பழைய கருவிகள் 0 அல்லது 1 என்று எதையாவது ஊகித்துச் சொல்லும். அந்தத் தவறான ஊகம், மீட்கும் வேலையைக் கெடுக்கும். பதிலாக, ‘இந்த இடத்தில் சிக்னலே இல்லை, எனக்குத் தெரியாது’ என்று கருவி சொன்னால் மீட்பது எளிது.

எவ்வளவு எளிது என்பதற்கு ஓர் உதாரணம் ஜேடி65. அமெரிக்க இயற்பியலாளர் ஜோ டெய்லர் 2003-ல் உருவாக்கிய முறை இது. 1974-ல் ரஸ்ஸல் ஹல்ஸுடன் சேர்ந்து முதல் இரட்டைப் பல்சரைக் கண்டுபிடித்து, 1993-ல் நோபல் பரிசு பெற்றவர் அவர். இரைச்சலுக்குள் புதைந்த சிக்னலைத் தோண்டி எடுப்பது அவருடைய தொழில். ஹாம் ரேடியோ பொழுதுபோக்கு.

ஜேடி65-ல் செய்தி 12 குறியீடுகள். கூடுதலாக 51 சேர்த்து மொத்தம் 63 குறியீடுகள் போகும். எது தவறு என்றே தெரியாத நிலையில், கணிதப்படி 25 தவறுகளை உறுதியாகத் திருத்தலாம். எது காணாமல் போனது என்று தெரிந்துவிட்டால் 51 வரை இழக்கலாம். அதாவது, 63-ல் ஏதாவது 12 சரியாக வந்தாலே போதும். அதே சிக்னல், அதே பவர். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டதற்கே தாங்கும் திறன் இரட்டிப்பாகிறது.

எஃப்டி8: எல்லாத்தையும் சேர்த்தா இப்படித்தான்

2017-ல் ஸ்டீவ் ஃபிராங்கேவும் ஜோ டெய்லரும் சேர்ந்து எஃப்டி8-ஐ வெளியிட்டார்கள். பெயரில் இருப்பது இருவரின் முதலெழுத்துகளும் 8 டோன்களும்தான். சிக்னல் மங்கி மங்கி வரும், பாதை கொஞ்ச நேரம்தான் திறந்திருக்கும் என்ற நிலைமையை மனதில் வைத்தே இதை வடிவமைத்தார்கள். இப்போது புழங்கும் வடிவத்தின் கணக்கு இது:

• செய்தி: 77 பிட்.
• சரிபார்ப்புக்கு: 14 பிட். குப்பை ஒன்று தற்செயலாக இந்தச் சோதனையில் தேற வாய்ப்பு 16,384-ல் ஒன்று.
• பிழை திருத்தம் சேர்த்து மொத்தம்: 174 பிட். உண்மையான செய்தி இதில் பாதிகூட இல்லை.
• ஒத்திசைவுக் குறிகள்: தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில். ஆரம்பமே விட்டுப்போனாலும் நடுவிலிருந்து பிடித்துக்கொள்ளலாம்.
• நேரம்: 15 விநாடி இடத்தில் 12.64 விநாடி.

2,500 ஹெர்ட்ஸ் அகலத்தில் உள்ள மொத்த இரைச்சலோடு ஒப்பிட்டால், நூறில் ஒரு பங்குக்கும் குறைவான சிக்னலையும் எஃப்டி8 படித்துவிடும். இதில் பயன்படும் எல்டிபிசி என்ற பிழை திருத்த வகை, 1960-களின் தொடக்கத்தில் ராபர்ட் கேலகர் எம்ஐடி-யில் முன்வைத்தது. அன்றைய கணினிகளுக்கு அது மிகக் கனம். இன்று உங்கள் கையில் உள்ள 5ஜி போனின் டேட்டாவும் இதே வகைக் குறியீட்டில்தான் ஓடுகிறது.

அப்போ எஃப்டி8-தான் பெஸ்ட்டா?

இங்கேதான் விலை தெரியும். எஃப்டி8-ல் சொந்தமாக எழுதும் செய்தி ஒரு தடவைக்கு 13 எழுத்துகள்தான். 200 எழுத்துள்ள ஒரு உதவிக் கோரிக்கையை அனுப்பினால் எவ்வளவு நேரம் ஆகும்?

• பிஎஸ்கே31: ஒரு நிமிடத்துக்குள். ஆனால் ஓட்டை விழலாம்.
• ஒலிவியா 32/1,000: சுமார் 82 விநாடி.
• எஃப்டி8: 16 துண்டுகள். ஒரு முறை விட்டு ஒரு முறை அனுப்பினால் 8 நிமிடம்.

இந்த 13 எழுத்துத் தடையைத் தாண்டத்தான், எஃப்டி8-ன் அடிப்படையில் ஜேஎஸ்8கால் என்ற மென்பொருள் 2018-ல் வந்தது. துண்டுகளை அதுவே கோத்து வாக்கியமாகத் தரும். வேகம் மட்டும் பெரிதாக ஏறாது.

அதனால் தேவையைப் பார்த்துத்தான் தேர்வு. ‘நான் இங்கே இருக்கேன், கேட்குதா?’ என்று சொல்ல எஃப்டி8. மோசமான சிக்னலில் முழு வாக்கியம் பேச ஒலிவியா. ஓர் எண்கூட மாறக் கூடாத பெயர்ப் பட்டியல், மருந்துப் பட்டியல் என்றால், சரிபார்த்துத் திரும்பக் கேட்கும் பாக்டார் போன்ற முறைகள். ரேடியோ வழியாக மின்னஞ்சல் அனுப்பும் விண்லிங்க் இப்படித்தான் வேலை செய்கிறது.

இன்டர்லீவிங் எவ்வளவு நீளமாக இருந்தாலும், சிக்னல் அதைவிட நீண்ட நேரம் போனால் ஒன்றும் செய்ய முடியாது. அப்போது திரும்பக் கேட்பதுதான் ஒரே வழி.

நம்ம ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963-ல் ராக்கெட் ஏவ தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கும், திருநெல்வேலியில் புவி காந்தவியல் ஆய்வகம் இருப்பதற்கும் இதுதான் காரணம். இந்தப் பகுதியில் சூரியன் மறைந்தபின் அயனி மண்டலத்தில் அடர்த்தி குறைந்த குமிழிகள் மேலெழும். அந்த வழியாக வரும் சிக்னல் படபடவென்று துடிக்கும்.

மெதுவாகத் தேயும் ஃபேடிங் வேறு, இந்தத் துடிப்பு வேறு. அலையின் கட்டத்தை நம்பி ஓடும் பிஎஸ்கே31 இதில் எளிதில் தடுமாறும். டோன்களை நம்பி ஓடும் ஒலிவியா போன்றவை கூடுதலாகத் தாங்கும். வடக்கே ஐரோப்பாவில் நன்றாக ஓடிய முறை, மாலை 7 மணிக்கு மேல் கன்னியாகுமரியில் அதேபோல ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஹாம் ரேடியோவின் தேவை இங்கே புதிதும் அல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமி தாக்கியபோது, இப்போது ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு தற்செயலாக முகாமிட்டிருந்தது. அந்தமானுக்கும் நிலப்பகுதிக்கும் இடையே செய்திகளைக் கடத்தியது அந்தக் குழுதான்.

இது ரகசியக் குறியீடா? யார் வேணா பண்ணலாமா?

ரகசியம் இல்லை. அமெச்சூர் வானொலியில் பொருளை மறைக்கும் சங்கேதம் கூடாது என்பது சர்வதேச விதி. இந்த முறைகளின் கணக்கு வெளிப்படையானது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

அனுப்புவதற்கு உரிமம் கட்டாயம். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வு எழுத வேண்டும். 12 வயது ஆனவர்கள் எழுதலாம். சும்மா கேட்டுப் பார்க்க ரேடியோகூட வேண்டாம். வெப்எஸ்டிஆர் எனப்படும் இணைய ரிசீவர்களில் 14.074 மெகாஹெர்ட்ஸைத் திறந்தால் போதும். ஒவ்வொரு 15 விநாடிக்கும் ஒருமுறை, பல டோன்கள் ஒன்றாக ஆரம்பித்து ஒன்றாக நிற்பது கேட்கும். அதில் சில, பாதியில் தேய்ந்து மறைந்து திரும்ப வரும். திரையில் அவற்றின் செய்தியும் முழுசாகவே வந்து விழும். அதைப் பார்க்க, இலவசமாகக் கிடைக்கும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளைக் கணினியில் நிறுவி, அந்த ஒலியை அதற்குள் கொடுத்தால் போதும்.